பொதுச் சுவர்

மணிமுத்தாற்றுப் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பக்கெட். ஜங்ஷனுக்குப் போய் எந்தப் பக்கத்து ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என்று முடிவு. எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து எல்லா ஊரையும் இப்படித்தான் விட்டிருக்கிறேன். சூளை அணைந்து கிடக்கிற நாட்கள் இவை; நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் யாரும் தேட மாட்டார்கள்.

பின்னால் கோயில் கோபுரம். அதன் பக்கத்தில், தேர் போகிற வீதியில், இரண்டு வருடம் நான் குடியிருந்த வீடு. அதன் சுவர் விழப்போகிறது. சொல்லியும் நகராத இரண்டு பேர் அதன் அடியில் இருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் அந்த வீதியைப் போட்டோ எடுப்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு அது ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வீடுகளின் வரிசை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கத்து உத்திரமும் அந்தப் பக்கத்து உத்திரமும் அதிலேயே செருகியிருக்கும். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் நம் வீட்டுச் சாமி படம் ஆடும். தேர் நகர்ந்தால் வீதி முழுக்க அதிரும்.

எனக்குப் பின்கட்டில் ஓர் அறை. முன்கட்டில், கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கும் அக்காவும், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவள் புருஷனும். அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் கட்டில் பொதுச் சுவரை ஒட்டிக் கிடந்தது.

தை மாதம் பக்கத்து வீட்டை இடித்தார்கள். துணிக்கடை வரப்போகிறதாம். அது மாடி வீடு. ஓடு, உத்திரம், உள்சுவர்கள் எல்லாம் போனபின் பொதுச் சுவர் மட்டும் எங்கள் ஓட்டுக்கு மேலே இரண்டு ஆள் உயரம் தனியாக நின்றது. அவர்களுடைய விளக்கு மாடமும் அடுப்புக் கரியும் வெயிலில் தெரிந்தன. அந்த வாரமே எங்கள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் விழாமல் போனது.

முதலில் சொன்னது அண்ணன்தான். வாய் கோணிப்போனதால் அவர் பேச்சு அக்காவுக்கு மட்டும்தான் புரியும். அன்று எனக்கும் புரிந்தது.

"உள்ள மண்ணு ஓடுது."

"எலி ஓடுது. படுத்துகினு எலியக் கணக்கெடுக்கறாரு" என்றாள் அக்கா.

சுவரில் காதை வைத்துக் கேட்டேன். எலி நின்று நின்று ஓடும். இது நிற்காமல், சன்னமாக, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

கம்பெனியில் அச்சில் ஊற்றும் களிமண் கூழைக் கொஞ்சம் கொண்டுவந்து விரிசலின் குறுக்கே பூசினேன். மறுநாள் அது வெடித்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏம்ப்பா, களிமண்ணு காய்ஞ்சா வெடிக்காதா? இது தெரியாம கம்பெனியில ஒன்ன எப்படி வெச்சிருக்காங்க?"

அவள் சொன்னது சரி. இந்த ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். வீதியில் இரண்டு நாள் என்னைக் கேலி செய்தார்கள். பிறகு அச்சு செய்கிற பிளாஸ்டர் மாவைக் குழைத்துப் பூசினேன். அது காய்ந்தால் சுருங்காது, கல்லாகிவிடும். இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பார்த்தால் நடுவில் நேராக இரண்டாகியிருந்தது.

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. முந்தின நாள் வீட்டுச் சொந்தக்காரர் காரில் வந்து, "செவுரு ஆபத்துங்கறாங்க, ரெண்டு மாசம் வேற எங்கனா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"முக்கு வூட்டுல குடியிருந்தவங்களும் ரிப்பேருன்னுதான் போனாங்க" என்றாள் அக்கா. "இப்ப அங்க செல்போன் கடை இருக்குது. ஒன்கிட்ட அவரு என்ன சொல்லி அனுப்புனாரு?"

"யாரும் அனுப்பலக்கா. கட்டிலையாவது அந்தப் பக்கம் போடுவோம்."

"அங்க போட்டா வாசல் தெரியாது. நான் கோயிலாண்ட இருக்கறப்ப வூட்டுக்காரரு வந்து பூட்டு மாட்டுனா யாரு பாப்பாங்க? இவரு இங்கியே கெடக்கட்டும்."

அண்ணன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பத்து நாள்ல தேரு. கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து எங்க சனம் அத்தனையும் வரும். இந்த வாசல்லதான் நிக்கும். தேரு போனதுக்கு அப்புறம் பேசிக்கலாம். ஒனக்கு என்ன, ஒரு பக்கெட்டு. தூக்கினா முடிஞ்சிடுச்சு."

தூக்கினேன்.

ஜங்ஷனில் முதல் ரயில் வந்தபோது ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என்னை அறியாமல் காதைத் தூணில் வைத்திருந்தேன். ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்திலேயே படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் வீதி முனை டீக்கடைக்குத் திரும்பினேன். பக்கத்து வீட்டை இடிக்கிற மேஸ்திரி அங்கே தினமும் ஆள் எடுப்பார்.

"செவுத்துல ஓட்டுக்கு மேல நிக்குதே, அதை ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஏற எவனும் வரமாட்டேங்கறான். கடப்பாறை போட்டா மொத்தமா ஓட்டு மேல வரும்."

"நான் வரேன். கடப்பாறை வேணாம். சாரத்துல நின்னு கையால ஒவ்வொண்ணா எடுக்குறேன். மேல பாரம் கொறைஞ்சா கீழ நிக்கும்."

"கையாலயா? தேரு நெலைக்குத் திரும்பிடும், நீ இன்னும் மேலியே இருப்ப."

"அதுக்குள்ள முடிச்சிடறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "செவுத்துக்குள்ள எப்படி இருக்குதுன்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சாரக் கயிறு இருக்கும் இடத்தைக் காட்டினார்.

எட்டு மணிக்கு உச்சியில் இருந்தேன். கீழே அக்கா தட்டுக் கூடையோடு வெளியே வந்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நான் ஊரை விட்டுப் போகவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமா, கோபமா, தெரியவில்லை.

"ஓட்டு மேல போட்டுடாத" என்றாள். சாத்த வராத கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் நடந்தாள்.

உள்ளே, எனக்கு நேர் கீழே, கட்டில். முதல் கல்லில் கை வைத்தேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. கையோடு வந்துவிட்டது. சத்தமில்லாமல் அதைக் கூடையில் வைத்து, அடுத்த கல்லைத் தொட்டேன்.