அக்காவின் அறைக்குக் கீழே ஒரு சுவர்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். கட்டின வீட்டுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு அதை இடித்துப்பார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நிதானம் கொஞ்சம் யோசித்திருப்பார்.

நிதானம் என்பது டிப்போவில் அவருக்கு வைத்த பெயர். டவுன் பஸ் டிரைவர். பின்னால் எவன் எத்தனை முறை ஹாரனை அமுக்கினாலும் பதறமாட்டார். "உங்கப்பன் வீட்டு ரோடா?" என்று கத்திக்கொண்டே முந்துகிறவனுக்கும் கையைக் காட்டி வழி விடுவார். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் மாட்டியதில்லை. ஆளுக்கு எவ்வளவு தைரியம் பார் என்று புதிதாக வந்த டிரைவர்களுக்கு அவரைக் காட்டுவார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது! அத்தனையும் பயம். அப்பாவையும் அம்மாவையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிள்ளை அவர். மிஞ்சியது ஒரே ஒரு அக்கா. கொஞ்சம் அவசரப்பட்டால் அதுவும் கையை விட்டுப் போய்விடும் என்று அந்த வயதில் பிடித்த பயம், தலை நரைத்தும் அவரை விடவில்லை.

அக்கா மாத்திரைக் கம்பெனியில் பெட்டிக்குள் அட்டை அடுக்குகிற வேலை பார்த்தவர். நின்றே வேலை, நாள் முழுக்க. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் தம்பியைப் படிக்க வைத்தார், லைசென்ஸ் எடுக்க வைத்தார், பெண் பார்த்துக் கட்டியும் வைத்தார். தனக்கென்று ஒரு மாப்பிள்ளை பார்க்க மறந்தே போய்விட்டார். கேட்டால், "எனக்குத்தான் ஒருத்தன் இருக்கானே, இவனைக் கட்டி மேய்க்கவே நேரம் போதலை" என்பார். தம்பி மனைவி வந்து சேர்ந்த பிறகு மூன்று பேரும் அந்த வீட்டில் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். ஒரே ஒரு கோளாறு. ஒருவருக்கொருவர் நல்லது செய்வார்கள், வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். தலைவலி என்றால்கூட மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். என்ன குடும்பமோ!

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் இந்த இடி வேலை ஆரம்பித்தது. ஆப்பரேஷன் முடிந்து வந்தவரால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க முடியும், அவ்வளவுதான். கீழே இருக்கும் பின்னறையை அவருக்காக மாற்றி, குளியலறையை ஒட்டிக் கட்டி, ஹாலில் இருந்து சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி வாசலை அகலப்படுத்தவேண்டும் என்று முடிவானது. அக்காவுக்கு மூச்சிரைப்பு வேறு. தூசி ஆகாது என்று வேலையாட்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மாடி அறையில் கொண்டுபோய் வைத்தார்கள். இடிக்கிற வாசலுக்கு நேர் மேலே அந்த அறை.

இன்ஜினியர் ஒரு சின்ன வயதுப் பெண். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வெறும் தடுப்புச் சுவர் இல்ல சார், மாடியையே இதுதான் தாங்குது. மேல இரும்பு பீம் வச்சு இவ்வளவு தூரம் திறக்கலாம். இந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது" என்று வாசலுக்கு இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த வீட்டில் மனுஷர் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையா? அடுப்பு படுக்கையறைக்குப் போனது. துணி பாத்ரூமுக்குப் போனது. டி.வி.க்குப் போர்வை போர்த்தி மூலையில் நிறுத்தினார்கள், காய்ச்சல்காரர் மாதிரி. எந்த டப்பாவைத் திறந்தாலும் சிமெண்ட் வாசனை, எதைச் சாப்பிட்டாலும் பல்லில் நறநற. துளை போடும் மெஷின் அலறுகிறபோது வீட்டில் எல்லோரும் கத்திப் பேசிப் பழகி, மெஷின் நின்ற பிறகும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

பீம் ஏறி உட்கார்ந்தது. வாசல் திறந்தது. ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து வந்த நிதானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சக்கர நாற்காலியை அதற்குள் உருட்டிப் பார்த்தார். நேராகப் போனது. திருப்பும்போது இடது பக்கம் நாற்காலியின் கைப்பிடி சுவரில் உரசியது. அக்காவின் தோல் இப்போதெல்லாம் தொட்டால் கன்றிப்போகிறது. அவர் மனது கேட்கவில்லை.

"கொத்தனாரே, இந்தப் பக்கம் ஒரு சாண் எடுத்துடுங்க" என்றார்.

"அந்தம்மா கோடு போட்டிருக்காங்களே சார்."

"ஒரு சாண்ல என்ன ஆயிடப்போகுது? வீட்டுல சொல்லிக்காதீங்க, சும்மா பயப்படுவாங்க."

கொத்தனார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதையோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டு எடுத்துவிட்டார். வாழ்நாளில் ஒரு கோட்டையும் தாண்டாத மனுஷன் தாண்டிய ஒரே கோடு அது.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையாட்கள் இல்லை. ஹாலில் கண்ணாடியை மாட்டி ஷேவ் செய்துகொண்டிருந்தவரின் தண்ணீர்க் குவளையில் பொடி விழுந்தது. தூசிதானே, இந்த வீட்டில் அதற்கா பஞ்சம் என்று குவளையைத் தள்ளி வைத்தார். மறுபடியும் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். வாசலின் இடது மூலையில் இருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கூரையை நோக்கி ஏறியிருந்தது. இடது மூலை. அவர் எடுக்கச் சொன்ன அதே பக்கம்.

சோப்பு நுரை பாதி முகத்தில் காய, ஒரு பென்சிலை எடுத்து விரிசல் முடிகிற இடத்தில் கோடு கிழித்தார். பழைய விரிசலாக இருக்கும், பூச்சு வெடித்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மீதி முகத்தை மழித்தார். தாடையில் வெட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

மேலே சர்ர்ரென்று ஒரு சத்தம். அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறார். அந்தச் சத்தத்துக்குச் சுவரில் இருந்து இன்னும் கொஞ்சம் பொடி கொட்டியது.

கொத்தனாருக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். இன்ஜினியருக்குப் போட்டார். அந்தப் பெண் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "மேல யார் இருக்காங்க? உடனே இறக்குங்க சார். நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு மேல ஏறாதீங்க, பாரம் ஆகாது. நான் முட்டுக் கொடுக்க ஜாக்கி எடுத்துக்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் யாரும் உள்ள நிக்காதீங்க."

படுக்கையறையில் அடுப்பின் முன்னால் இருந்த மனைவியிடம் போய், "நீ கொஞ்சம் வெளிய போய் நில்லும்மா" என்றார்.

"எதுக்கு?"

"சுவர்…" விரலால் காட்டினார்.

மனைவி பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் அவர் பார்த்தது வலது மூலையை. ஏன் அங்கே பார்க்கிறாள் என்று கேட்க நிதானத்துக்கு அப்போது புத்தி ஏது? "அடுப்பை அணைச்சுட்டு வெளிய போ" என்றார் மறுபடியும்.

"போய்? தெருவுல நின்னு வேடிக்கை பாக்கவா? தனியாளா அண்ணியைத் தூக்கிடுவீங்களோ? நடங்க மேல!"

படிக்கட்டு அந்தச் சுவரை ஒட்டித்தான் ஏறியது. ஒவ்வொரு படியிலும் பூனை போலக் கால் வைத்து இருவரும் ஏறினார்கள். அவர் இதயம் அடிக்கிற அடியிலேயே சுவர் விழுந்துவிடும் போல இருந்தது. அக்கா ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, ரெண்டு பேரும் ஜோடியா வந்திருக்கீங்க?"

"சும்மாதான்க்கா. வெயில்ல கொஞ்ச நேரம் உக்காரலாம்னு."

"வெயில்லயா? தாடையில ரத்தம் வழியுது, மூஞ்சில ஒரு சொட்டு ரத்தத்தைக் காணோம். எங்கிட்டயே கதை விடறியா?" என்றவர், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேறெதுவும் கேட்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது. வாயடிக்கிற அக்கா வாயை மூடினால் அந்த வீட்டில் ஏதோ கெட்டது நடக்கிறது என்று அர்த்தம்.

நிதானம் நாற்காலியின் முதுகுப் பக்கம் பிடித்தார். மனைவி கால் பக்கம் பிடித்துப் பின்னால் பின்னாலேயே இறங்கினார். நாற்காலியின் கை வளைந்தது. அக்காவின் தலை தம்பியின் நெஞ்சில் சாய்ந்திருந்தது. நடுப்படிக்கு வந்தபோது சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், யாரோ எலும்பில் சொடக்குப் போட்டது மாதிரி. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். வாசலுக்கு மேலே இருந்து ஒரு செங்கல் நழுவி ஹால் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

"என்னை இங்கயே வச்சுட்டு ஓடுங்கடா" என்றார் அக்கா.

"வாயை மூடுங்க அண்ணி!" என்று கத்தினார் தம்பி மனைவி. அவர் அண்ணியை அதட்டியது அதுதான் முதல் தடவை. "என்னங்க, இறங்குங்க!"

இறங்கினார்கள். அந்த இடித்த வாசலைத் தாண்டும்போது நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் ஓட்டுகிறவன் கண்ணை மூடலாமா? மூடினார். மனைவியின் கை இழுத்த இழுப்புக்குக் கால் போனது. மூடின இமைக்கு மேல் வெயில் சுட்டபோதுதான் தெருவுக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

இன்ஜினியர் ஆட்களோடு வேனில் வந்து, இரும்புத் தூண்களை உள்ளே கொண்டுபோய் முட்டுக் கொடுக்கும்வரை, மூவரும் எதிர்ச் சாரியில் நின்றார்கள். அக்கா மட்டும் நாற்காலியில். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே ஒவ்வொரு முறை இரும்பு இடிக்கிறபோதும் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. வீடு விழுந்துபோனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டார் நிதானம். இது என்னால்தான் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்று வேண்டிக்கொண்டே நின்றார்.

வெளியே வந்த இன்ஜினியரின் தலையெல்லாம் தூசி. "நின்னுடுச்சு, இனிமே விழாது. ஆனா இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தா அவ்வளவுதான்" என்றவர், குரலை உயர்த்தினார். "நான் போட்ட கோட்டைத் தாண்டி இடிக்கச் சொன்னது யாரு?"

இனி மறைத்து என்ன? "நான்தான்" என்றார் நிதானம். "இடது பக்கம் ஒரு சாண். அக்கா கை உரசும்னு…"

"இடது பக்கம் மட்டுமில்லையே சார். வலது பக்கமும் போயிருக்கு. பீம் ரெண்டு முனையிலயும் சுவரோட நுனியிலதான் உக்காந்திருக்கு."

"அது நான்" என்றார் மனைவி. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "சமையல்கட்டுல இருந்தே அண்ணி கட்டில் தெரியணும்னு கொஞ்சம் எடுக்கச் சொன்னேன். இவர்கிட்ட சொல்லவேணாம்னேன், திட்டுவாருன்னு இல்ல, கவலைப்படுவாருன்னு."

நிதானம் மனைவியைப் பார்த்தார்.

"சரி, பீமுக்கு மேல செங்கல்லை உருவி ஓட்டை போட்டது? அது யாரு?" என்றார் இன்ஜினியர்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயர் இழுக்க எடுத்த ஓட்டை என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

"நான்தாம்மா" என்றார் நாற்காலியில் இருந்த அக்கா. "தண்ணி டேங்கைப் பாக்க மாடிக்கு வந்தாரு கொத்தனாரு. கதவைச் சாத்திட்டா ஹாலுக்குக் காத்து வராதே, இவன் டியூட்டி முடிஞ்சு வந்து அங்கதானே படுப்பான், மேல ஒரு சின்ன ஜன்னல் வச்சுடுங்கன்னேன். இவங்ககிட்ட சொல்லாதீங்கன்னேன். எனக்காக இவ்வளவு பண்றாங்க, நான் ஒண்ணு பண்ணக்கூடாதான்னு…"

தெருவில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் நாற்காலிக்கு முன்னால் தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன்னைக் கொன்னிருப்பேனேக்கா" என்றார்.

"போடா. மேல இருந்து நான் எங்கடா விழுந்திருப்பேன்?" என்றார் அக்கா. அதுவரை அழாதவரின் உதடு கோணிக்கொண்டு போயிற்று. "கீழ நீதானே இருந்தே. உம்மேலதானே விழுந்திருப்பேன்."

அவர் அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.