ஒளுவுக்கு ஆகாத ஓடை

சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசியாயிற்று, வாடை போகவில்லை. என் மனைவி அதைக் குச்சியால் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் எறிந்துவிட்டாள். "மீன் புடிக்கத்தான் போனீங்களா, சாக்கடையில வுழுந்தீங்களா?" என்றாள்.

மீன் பிடிக்கத்தான் போனேன், பச்சைமலை அடிவாரத்துக் காட்டோடைக்கு. பெரம்பலூரில் மளிகைக் கடையில் நான் பொட்டலம் மடித்த காலத்தில், லீவு நாளென்றால் கரும்பு வெட்டுக்குப் போகிற சின்னப்பனும் நானும் ஒரே சைக்கிளில் அங்கே போய்விடுவோம். புழு தோண்டுவது அவன் வேலை. பேசிப் பேசி மீனை விரட்டுவது என் வேலை. மூக்கில் ஏறிய மிளகாய் நெடி அந்த ஈர மண் வாசத்தில்தான் இறங்கும். தண்ணீர் அப்படியொரு தெளிவு. கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு வந்து புழுவை முகர்வது தெரியும். வேண்டாமென்று திரும்பிப் போவதும் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரமானால் தூண்டிலைக் கல்லுக்கடியில் செருகிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே முகம், கை, கால் கழுவி ஒளு செய்து, பாறையில் துண்டை விரித்துத் தொழுவேன். ஒருநாள் தொழுது திரும்பினால் தூண்டில் கழியையே மீன் இழுத்துக்கொண்டு போயிருந்தது. சின்னப்பன் சிரிக்கிறான்.

"பாத்துக்கிட்டா இருந்தே? புடிச்சிருக்கலாம்ல?"

"நீ சாமி கும்புடுறப்ப ஒன் மீனை நான் தொடலாமா பாய்? பொழச்சிப் போவட்டும் வுடு."

இப்போது அவன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். நேற்று அதில்தான் ஆசையாகப் போனோம். ஓடையை முதலில் கண்டது மூக்குதான். பாலத்தடியில் கோழிக் குடலும் இறகுமாகச் சாக்குகள் வெடித்துக் கிடந்தன, புழு நெளிந்தது. பாலத்தின் மேல் ஒரு கக்கூஸ் டேங்க் லாரி குழாயைத் திறந்துவிட்டு நின்றது. நான் கத்திக்கொண்டு ஓட, தெறித்தது என் சட்டையில்.

டிரைவர் வாயிலிருந்து பீடியைக்கூட எடுக்கவில்லை. "காட்டுல யாரு பாய் இதக் குடிக்கிறா? ஓடுற தண்ணி, அதுவா அடிச்சிட்டுப் போயிடும்."

லாரி போயிற்று. அஸர் நேரம் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிச் சுருட்டிவிட்டுப் பனியனோடு நின்றேன். நிறமோ ருசியோ வாடையோ மாறிய தண்ணீர் ஒளுவுக்கு ஆகாதென்று மதரஸாவில் ஒப்பித்திருக்கிறேன். இதில் ருசி பார்க்கவா வேண்டும்? சின்னப்பன் தன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஓடும் ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் தண்ணீரில் ஒளு செய்தேன்.

தொழுது முடித்துக் கையேந்தினால் துஆ வரவில்லை; அந்த லாரிக்காரனைச் சபிக்கும் வார்த்தைதான் வந்தது. அதே பாறையில் உட்கார்ந்து அப்படிக் கேட்டுவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்தச் சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்னும் மனசு வரவில்லை.