பதினெட்டு வருடம் பதுங்கியிருந்த அம்மை

1966 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கிணற்றில் பன்னிரண்டு வாளி இறைத்தேன். வாசல் நிலையில் வாடியிருந்த வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகினேன். ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தனுப்பினேன். இலுப்பூர் வீட்டில் எங்கள் நான்கு வயது மகளுக்கு அம்மை போட்டு அது மூன்றாம் நாள். மனைவி முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை.

காரணம் என் அக்கா. மீமிசலிலிருந்து வந்து தங்கியிருந்த என் மாமியாரை, "ஒங்க கருவாட்டுக் கூடையோட அம்மையும் ஏறி வந்துருச்சு" என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். நானும் தடுக்கவில்லை.

மத்தியானம் மனைவி, நான் தினமும் குறிப்பெழுதும் கறுப்பு அட்டை நோட்டுகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"மூத்தவனுக்கு அம்மை வந்தப்ப எழுதுனதப் படிங்க."

படித்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடிய பதினைந்தாம் நாள் எங்கள் மகனுக்குக் கண்டிருக்கிறது.

"எங்கம்மா வந்து எத்தன நாளுல இவளுக்குப் போட்டுச்சு?"

"நாலு."

"பதினஞ்சு நாளைக்கு முன்னாடி இந்த வீட்டுல யாருக்குக் கொப்புளம்?"

இந்த வருட நோட்டைத் திருப்பினேன். ஜனவரி 22: எனக்கு இடது விலாவில் அக்கி. அது இறங்க, குயவர் வந்து கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் எழுதினார். மகள் அந்தச் சிங்கத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள் என்றும் நானே எழுதியிருந்தேன்.

சாயங்காலம் நோட்டுகளோடு டாக்டரிடம் போனோம்.

"ஒங்களுக்குச் சின்னம்மை எப்ப வந்துச்சு?" என்றார்.

முதல் நோட்டிலேயே இருந்தது: 1948.

"அந்தக் கிருமி ஒங்கள விட்டுப் போகலைங்க. முதுகெலும்பு ஓரமா நரம்பு முடிச்சுக்குள்ள சத்தமில்லாம கெடந்திருக்கு. ஒடம்பு அசந்தப்ப முழிச்சு, அந்த ஒரு நரம்பு வழியா தோலுக்கு வந்திருக்கு. அதான் ஒரு பக்கம் மட்டும் பட்டையா அக்கி. அந்த நீர் பட்டா, அம்மை வராத பிள்ளைக்கு அம்மையா வரும்." நோட்டை மூடியவர், "யாரு கண்டுபிடிச்சது?" என்றார்.

"என் வீட்டுக்காரி" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு வருடமாக எழுதியவன் நான், படித்தவள் அவள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"அப்ப ஒன் சிங்கந்தான் கடிச்சிருக்கு. காலையில போயி ஒன் மாமியாரக் கூட்டிட்டு வா. நோட்டையும் கொண்டு போ. நான் வரச் சொன்னேன்னா நம்பமாட்டாக."

அன்று மனைவி மோர்ச்சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை முதல் காரியமாக, மகனுக்கு அம்மை கண்டதும் எனக்கு அக்கி வந்ததும் எழுதிய இரண்டு நோட்டுகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு, மீமிசல் போகப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.