குளோரியாவின் மூக்கு

என் மனைவி குளோரியாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த மூக்கை நம்பி ஒரு மருத்துவமனையே நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

பெங்களூரில் அல்சூர் பக்கம் குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றில் அவளுக்குத் துப்புரவு வேலை. அங்கே லேப்பில் கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்துக் கருவாக்கி, இன்குபேட்டர் பெட்டியில் ஐந்து நாள் வளர்ப்பார்கள். செண்டு, பினாயில், ஊதுபத்திப் புகை எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கருவின் தரம் கெட்டுவிடலாமாம். லேப் மேடம் கேரல் இதைச் சொன்ன அன்றே, மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்த என் பவுடர் டப்பா குப்பைக்குப் போனது. ஆட்டோ ஓட்டுகிறவன் நான். வேர்வை நாற்றத்துக்கு மட்டும்தான் அனுமதி. என்ன பிழைப்பய்யா இது!

போன ஆயுத பூஜையன்று பெட்டிக்குள் இருந்தவை மமதாவின் கருக்கள், இரண்டே இரண்டு. மமதா பள்ளிக்கூட டீச்சர், வயது நாற்பத்தொன்று. ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துவிட்டது. "இதுவும் நிக்கலன்னா விட்டுடறேன்க்கா" என்று குளோரியாவின் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்.

அன்றைக்குப் பார்த்து மேனேஜர் ஸ்ரீஹர்ஷா சாம்பிராணித் தட்டோடு லேப் வாசலுக்கு வந்தார்.

"எல்லா மிஷினுக்கும் காமிச்சாச்சு. பெரிய மிஷினை விட முடியுமா? ஸ்வல்ப தள்ளிக்கோம்மா."

"தள்ள மாட்டேன் சார்."

"நீ சர்ச்சுக்குப் போறவ, உனக்குப் பூஜை புடிக்கல."

"அய்யய்யோ! எங்க ஃபாதரே தூபம் புடிச்சிக்கினு வந்தாலும் இதே வாசல்ல நிறுத்துவேன் சார். நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்னாலும் சரி!"

சத்தம் கேட்டு வெளியே வந்த கேரல், "குளோரியா சொல்றதுதான் சரி சார்" என்றார். ஸ்ரீஹர்ஷா விடுவாரா? இன்குபேட்டரைக் கேரலின் போனில் படம் எடுத்துவரச் சொல்லி, கேட்டுக்கு வெளியே நின்று அந்தப் படத்துக்குச் சாம்பிராணி காட்டினார். குளோரியா வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

புகை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேரலாலேயே சொல்ல முடியவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கரு நன்றாகத் தேறியிருந்தது. அதைக் கர்ப்பப்பையில் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை நல்ல சேதி சொன்னது. அன்று முழுக்க குளோரியா என்னைத் திட்டவே இல்லை.

நான்காம் மாதம் மமதா வந்தார். நான் குளோரியாவைக் கூட்டிப்போக வரவேற்பறையில் காத்திருந்தேன். தலை நிறைய மல்லிகை, கையில் மைசூர்பாகு, முகமெல்லாம் சிரிப்பு. நேரே லேப் பக்கம் நடந்தார்.

"அங்கியே நில்லுங்க! பூவோட வராதீங்க! உள்ள இன்னொரு அம்மாவோடது இருக்குது!" குளோரியா போட்ட சத்தத்தில் நானே எழுந்து நின்றுவிட்டேன்.

மமதா அப்படியே நின்றார். பூவைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு மெதுவாக, "என்னோடது உள்ள இருந்தப்பவும் இப்படித்தான் நின்னீங்களாக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டிய என் குளோரியா, மைசூர்பாகை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.