ஏழாம் மாதத்தில் கசிந்த சிறுநீரகம்

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒருநாள் காலை, சிறுநீர் சோப்பு நுரைபோல் பொங்கி நின்றது. தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லை. எனக்கு ஏழாம் மாதம். கால் வீக்கத்தை மட்டும் நைனாவிடம் சொன்னேன்.

"புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்மா," என்றார். நுரையைப் பற்றிப் பெற்ற அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பிறகு கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அத்தை மகனையே கட்டிக்கொண்டதால் என் கணவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், மறுபடியும் பார்த்தார். அதன்பின் என் முகத்தையே பார்க்கவில்லை.

"வண்டி வெச்சு இப்பவே மெட்ராஸ் இட்டுகினு போயிடுங்க," என்றார் பாவாவிடம்.

சென்னையில் டாக்டரம்மா சொன்ன பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசியும் நோய்). இதைப் படிக்கும் கர்ப்பிணிகளே, நுரையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

"கிட்னியில வடிகட்டுற செல்லுங்க, பக்கத்து ரத்தக் குழாய்க்கு ‘உயிரோட இரு’ன்னு சேதி அனுப்பிட்டே இருக்கும். உங்க நஞ்சுக்கொடி விடுற ஒரு புரதம் அதை வழியிலேயே பிடிச்சுக்குது. அதான் வடிகட்டி கசியுது," என்று டாக்டரம்மா விளக்கினார்.

அந்தச் சேதிக்கு வளர்ச்சிக் காரணி (செல்லை வளர்த்துக் காக்கும் புரதம்) என்று பெயராம்.

"மருந்து இல்லீங்களா?"

"நஞ்சுக்கொடி வெளிய வரணும்மா. வேற வைத்தியம் இல்லை."

குழந்தைக்குச் சோறூட்டும் கொடியா என்னைக் கொல்கிறது? வயிற்றின்மேல் கை வைக்கவே பயந்தேன். உள்ளே உதைத்தது.

"இன்னும் கொஞ்ச நாளு தாங்கிக்கிறேங்க," என்று கெஞ்சினேன். வலிப்பு வந்தால் இரண்டு உயிரும் போகும் என்றார் டாக்டரம்மா. "எனக்கு இவ வோணுங்க," என்று பாவா அழுவது கேட்டது. அவர்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

மகள் பிறந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற தலை. இன்குபேட்டரில் (குறைமாதக் குழந்தைக்குச் சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டி) கிடந்து பிழைத்தாள். என் ரத்த அழுத்தம் இறங்கியது. புரதக் கசிவோ மாதக்கணக்கில் நிற்கவில்லை.

நின்றபின் டாக்டரம்மா சொன்னார்: "உதிர்ந்த செல்லுங்க திரும்ப முளைக்கிறது கஷ்டம்மா. மிச்சத்தை வெச்சுத்தான் ஓட்டணும். வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வடிகட்டி கசிந்தாலும் வலிக்கவே வலிக்காத உறுப்பு சிறுநீரகம். நன்றாக இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. பரிசோதனை முடிவு வரும் நாட்களில் அவளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தால் எழ மனம் வராது.

"அம்மா, ஸ்கூலுக்கு லேட்டாவுது. முடிஞ்சிச்சா?"

"ஆங், ஆயிடுச்சு," என்று சொல்லிக்கொண்டே, பின்னிய சடையை அவிழ்த்து முதலிலிருந்து பின்னுகிறேன்.