சிப்மங்க் பறந்த ஞாயிறு

எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நேரில் பார்த்தால் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவன் என்றுதான் வருகிறது. வரட்டும். அவன் நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் எழும்புகிறேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டம். அங்கே என் அண்ணன் பால் வெட்டினான். அவனுக்குப் பிறகு அவனுடைய மரங்களில் நான் வெட்டினேன். அண்ணனுக்குப் பழைய யுத்த விமானங்கள் என்றால் உயிர். போனில் போடும் டேட்டா எல்லாம் அதற்கே போகும். பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் ரத்மலானைக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப் போனான். அங்கே ஒரு சின்ன விமானத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தான். சிப்மங்க் என்று பேர். மூக்கில் சுழலும் பங்கா ஒன்று, ஒருவருக்குப் பின்னால் ஒருவர் உட்காரும் சீட்டு.

"எறக்கையில பாதி துணிதான் புள்ள. இதுலதான் நம்ம நாட்டுக்காரங்க மொதமொதல்ல ஓட்டப் பழகுனாங்க."

"துணியா? மழையில நனஞ்சா?"

"அம்மாவக் கூட்டியாந்து காயப் போடுவோம். போடி."

ஜெட் என்றால் சர்ரென்று போய்விடும், இது பறப்பதை நின்று பார்க்கலாம் என்பான். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் நின்றுகொண்டிருந்ததுதான். பிறகு ஒரு சிப்மங்கைப் பழுது பார்த்துவிட்டார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடப் போகிறார்கள் என்று போனில் பார்த்தான். அன்றைக்கே போய்ப் புதுச் சட்டை வாங்கி வந்தான்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் முழுக்க மழை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. விட்டுப்போன வெட்டைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமையும் வேலை போடுவார்கள். விருப்பம் இருக்கிறவர்கள் போவார்கள், அவ்வளவுதான் வழக்கம். சனிக்கிழமை கணக்கப்பிள்ளை அண்ணனை மட்டும் கூப்பிட்டு நிறுத்தினான்.

"நாளைக்கி நீ வராட்டி ஒன் மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன். ப்ளேன் ஒனக்குச் சோறு போடுமாடா?"

அண்ணன் வேலைக்குப் போனான். பாறை ஈரமாக இருந்திருக்கிறது. நிறைந்த வாளியோடு வழுக்கி விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

ரப்பர் பால் தோலில் காய்ந்தால் ஜவ்வு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் கிடந்த அவன் விரல்களில் இருந்து அதை உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கணக்கப்பிள்ளை வந்தான். கதிரை போட்டுக் கொடுத்தார்கள். சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கூட வந்த சின்னதுரையிடம், தோட்டத்து உதவி மேனேஜரிடம், சொன்னான்:

"வேலையில கவனம் இல்ல சேர். வானத்தப் பாத்துக்கிட்டு நடந்திருப்பான்."

ரத்மலானையில் பறக்கும் விமானம் எங்கள் மலைக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உரித்ததைக் கைக்குள் உருண்டையாக உருட்டிக்கொண்டே கணக்கப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருசத் திவசம் வந்தது. அதே மாதத்தில் அந்த விமானத்தை மறுபடி பறக்கவிடுகிறார்கள் என்று அண்ணனுடைய போனில் பார்த்தேன். திதி செவ்வாய்க்கிழமை. நான்தான் அதை விமானம் பறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்தேன். அம்மாவுக்குக் கோபம்.

"ரோட்டுல வச்சு யாராச்சும் படைப்பாங்களா? ஒனக்கு என்ன பைத்தியமா?"

"அவன் போக நெனச்ச எடத்துல வச்சுப் படைப்போம்மா."

அம்மா எழும்பிப் போய் அந்தப் புதுச் சட்டையை எடுத்து உதறினார். எல்லா லயத்து வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். எங்கள் ஆட்கள் கல்யாணச் சோற்றுக்குக்கூட வராமல் இருப்பார்கள், திவசச் சோற்றுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். செத்தவனை அவமதித்த மாதிரி ஆகிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கடவுளும் அந்த வாரம் என் பக்கம் நின்றார். ஊற்றித் தள்ளியது மழை. சனிக்கிழமைதான் வானம் வெளித்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டான்.

"நாளைக்கி வெட்டு இருக்கு. எல்லாரும் வரணும்."

"வர ஏலாதுங்க ஐயா. தெவசம்," என்றார் பக்கத்து லயத்து அத்தை.

"தெவசம் மத்தியானந்தானே? வெட்டிட்டுப் போய்ச் சாப்புடுங்க."

"சோறு ரத்மலானையிலங்க."

களமே சிரித்தது. அவன் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினான்.

"என்னா புள்ள இது? வெளையாட்டா?"

"நீங்களும் வாங்க ஐயா. பஸ்ஸுல எடம் இருக்கு."

விடிய முன்னமே பஸ் கிளம்பியது. சோற்றுப் பார்சல், வடை, பாயாச வாளி எல்லாம் கால்களுக்கு நடுவில். ரத்மலானையில் வேலி ஓரமாக இலை போட்டோம். அண்ணனுடைய படத்துக்கு முன்னால் அந்தப் புதுச் சட்டையை அம்மா மடித்து வைத்தார். பக்கத்தில் கேமராவோடு நின்ற ஒரு சிங்கள ஐயா, "நங்கி, கொஹெந்த?" என்று எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னேன். படத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு அது வந்தது. ஓடுபாதையில் தத்தித் தத்தி ஓடி எழும்பியது. அண்ணன் சொன்னது சரி. மெதுவாகத்தான் போனது. காற்றில் அசைவது தெரிந்தது. உள்ளே இருந்தவரின் தலை தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. இதைப் பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லையே என்ற ஆத்திரம்தான் பொங்கியது.

அந்த நேரம் பார்த்து அத்தையின் போன் அடித்தது. கணக்கப்பிள்ளை. பிடுங்கி நான் எடுத்தேன்.

"ஒருத்தரும் இல்ல! நல்ல வெயிலு அடிக்குது, தொர வந்து நிக்கிறாரு! எங்க நிக்கிறீங்க?"

விமானம் எங்களுக்கு மேலே திரும்பியது. போனை அந்தச் சத்தத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். அது கடந்து போகும்வரை பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன்.

"எல்லாரும் வானத்தப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம் ஐயா. யாரும் விழல."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை அவன் எனக்கு வேறு மலை கொடுத்தான். செங்குத்து. பக்கத்தில் வெட்டிய அத்தை, "ஒனக்கு மனசு ஆறிச்சா புள்ள?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.