கொசுவலை தேடிக் கடல் தாண்டியவள்

போர்ட் பிளேயரில் கல்லூரி தொடங்கிய புதிதில் நான் அங்கே கிளார்க். உதவித்தொகை, கப்பல் டிக்கெட் சலுகை, விடுதிக் கொசுவலை, எது வேண்டுமென்றாலும் மாணவர்கள் என் மேஜைக்குத்தான் வர வேண்டும். மேஜையோ கடைசி அறையில். எல்லோரும் வழி தெரியாமல் அலைகிறார்களென்று எங்கள் தலைமைக் கிளார்க் வாசலில் பலகை வைத்து, உள்ளே சுவரெங்கும் சிவப்பு அம்புகள் போடச் சொன்னார். அவர் வங்காளி. நாங்கள் படே பாபு என்போம்.

“நமக்குப் புரிந்தால் போதாது, புதிதாக வந்தவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும்” என்றார் இந்தியில். அன்றுதான் வடக்குத் தீவிலுள்ள திக்லிபூரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு பெண்ணிடம், பலகையைப் பார்த்துப் போய்க் கொசுவலை வாங்கி வரச் சொன்னார். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, “பின்னாலேயே போ. நடப்பதையெல்லாம் எழுது. ஆனால் முஹ் பந்த்! வாய் திறந்தால் பரீட்சை கெட்டுவிடும்” என்றார்.

அவள் இரண்டு அம்புகளைச் சரியாகப் பிடித்தாள். மூன்றாவது அம்பு பக்கவாசலை ஒட்டியிருந்தது. அவள் அதன் வழியே வெளியேறி, சரிவில் இறங்கி, படகுத்துறைக்கே போய்விட்டாள். அங்கே வழிகாட்டும் அம்புகளும் அதே சிவப்பு! நான் எழுதினேன்: ‘தயக்கமில்லாமல் படகில் ஏறினாள்.’ நானும் ஏறினேன்.

படகு நகர்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, உங்களுக்கும் கொசுவலையா?”

நான் தலையை எப்படியோ ஆட்டினேன். வாய் பேசாதவளென்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. முகம் இரக்கத்தில் கனிந்தது. இரண்டு கையையும் இறக்கைபோல் அடித்து, ‘ங்ஙொய்ய்’ என்று கத்தி, என் கையில் நறுக்கென்று கிள்ளிக் கொசுவை விளக்கினாள். படகே திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இறங்கியதும் டீக்கடையில் கேட்டாள்: “அண்ணா, காலேஜ் கொசுவலை எங்கே கிடைக்கும்?”

“காலேஜா? அது அந்தக் கரையில இருக்கு!” என்று கடைக்காரர் கடலைக் காட்டினார். அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அழாதேம்மா, கொசுவலை கொடுக்கிறதே நான்தான்.”

“பேசுவீங்களா!” திரும்பும் படகு முழுக்க என்னைத் திட்டினாள். “தப்பா போறேன்னு தெரிஞ்சும் சும்மா வந்தீங்களேக்கா, உங்களுக்கே நல்லாருக்கா?” வெட்கமாக இருந்தது.

படே பாபு நோட்டை மூன்று தரம் படித்தார். “பாம்பூஃப்ளாட்டா?” என்று மட்டும் கேட்டார். அம்பை நீல நிறத்துக்கு மாற்றலாமா என்று அவர் யோசிக்கும்போதே அவள் குறுக்கிட்டாள்: “அம்பு எதுக்கு பாபுஜி? இந்த அக்கா மேஜையத் தூக்கி வாசல்ல போடுங்க.”

போட்டார்கள். மழைச்சாரலில் என் ஃபைல்கள் அடிக்கடி நனைந்தன. ஆனால் அதற்குப் பிறகு கொசுவலைக்காக யாரும் கடல் தாண்டவில்லை.